பெயர் கேட்காத அறை

எனக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவந்துவிடும். அந்தப் புதன்கிழமை மதியம் நூலகத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கியபோதும் சிவந்துதான் இருந்திருக்கும். யார் மேல் கோபம்? வேறு யார் மேல், என் மேல்தான்.

வெள்ளிக்கிழமை பட்டமளிப்பு விழா. அப்பாவும் அம்மாவும் ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அப்பா, தன் சர்வீஸிலேயே முதல்முறையாகச் சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார். மகள் பட்டம் வாங்கப் போகிறாள் என்று டிப்போ முழுக்கத் தம்பட்டம் வேறு. மகளோ நான்கு மாதமாக வகுப்புப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

ஆரம்பம் ஒன்றும் பெரிதில்லை. ஆய்வக வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்விக்குப் பதில் வராமல் மரம் மாதிரி நின்றேன். மறுநாள் போகப் பிடிக்கவில்லை. அதற்கு மறுநாளும். இறுதித் தேர்வு வந்தது, போனது. தினமும் மாலை ஏழு மணிக்கு அப்பா போன் செய்து, "இன்னிக்கு என்னம்மா படிச்ச?" என்பார். வாய்க்கு வந்த பாடத்தை அளந்துவிடுவேன். எல்லாம் புரிந்த மாதிரி "சபாஷ்" என்பார், பாவம். நேற்று, "உன்ன மேடைக்குக் கூப்பிடறப்போ எந்தப் பக்கம் உக்காந்தா நல்லா தெரியும்?" என்று கேட்டார். "வலது பக்கம்பா" என்று அதையும் அளந்துவிட்டேன்.

'யாரும் வரலாம். பேசலாம். முன்பதிவு வேண்டாம், பெயர் வேண்டாம்' என்று கீழே இருந்த அறையின் கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். மாணவர்கள் மனசு விட்டுப் பேசுவதற்கான அறை. உள்ளே ஒன்றுக்கொன்று பொருந்தாத நான்கு நாற்காலிகள், ஒரு கெட்டில். அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா முன்பு நர்ஸாக இருந்தவராம். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டியா! ரெண்டு மணிக்குன்னு சொன்னாங்க, டாண்ணு வந்துட்டியே. உக்காரு. யாரு வந்தாலும் பேரு கேக்காத, டிபார்ட்மென்ட் கேக்காத, முக்கியமா புத்தி சொல்லாத. 'அப்புறம்?'னு மட்டும் கேளு, போதும். நான் மேல ஆபீஸ்ல ஒரு கையெழுத்து வாங்கிட்டு ஓடி வந்துடறேன்."

போயே போய்விட்டார். புதிதாக உதவிக்கு வரவேண்டிய மாணவி நான்தான் என்று நினைத்துவிட்டார் என்பது அப்புறம்தான் உறைத்தது. கூப்பிட்டு இல்லையென்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான்கு மாதத்தில் முதல்முறையாக ஒருத்தர் என்னை உருப்படியான ஆளாக நினைத்திருக்கிறார், அதைக் கெடுப்பானேன்?

ஐந்து நிமிடத்தில் நெட்டையாக ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தான். முகமெல்லாம் வியர்வை. ஐயோ பாவம், என்ன கஷ்டமோ என்று நினைத்தேன்.

"டீ போடட்டுமா?" என்றேன்.

"இல்ல இல்ல, நீங்க உக்காருங்க, நான் போடறேன்" என்றான்.

இரண்டு கப்போடு எதிரே வந்து உட்கார்ந்தான். நான் அவனைக் கனிவாகப் பார்த்தேன். அவனும் என்னைக் கனிவாகப் பார்த்தான்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம்?" என்றான் அவன்.

"நீங்க சொல்லுங்க."

"அவசரமே இல்ல. நீங்க சொல்லுங்க."

டீ ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் மாறி மாறித் தலையாட்டிக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம்தான் பொறுப்பது?

"ஏங்க, சொல்லணும்னுதானே வந்தீங்க? வாயத் திறந்தாதானே தெரியும்! மனசுக்குள்ளயே பூட்டி வச்சா அது என்ன கரைஞ்சா போகும்? என்னையே பாருங்க, நாலு மாசமா கிளாஸுக்குப் போகல, பரீட்சை எழுதல. நாளன்னிக்கு எங்கப்பா பட்டமளிப்புக்கு வந்து நிக்கப் போறாரு..."

சொல்லிவிட்டேன். என் காதாலேயே கேட்டேன். அவன் முகம் சுளிக்கவில்லை. கூரையும் இடிந்து விழவில்லை.

"அப்புறம்?" என்றான் மெதுவாக.

அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. மூக்கைச் சிந்திச் சிந்தி ஒன்றுவிடாமல் கொட்டினேன். முடித்தபோது அக்கா கதவருகே நின்றிருந்தார்.

"பரவாயில்லம்மா, முதல் நாளே..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"அக்கா, லேட்டாயிடுச்சு, சாரி" என்று எழுந்தான் நெட்டை. "புதுசா உதவிக்கு வந்த ஆள் நான்தான்."

"நீயா? அப்போ இவ யாரு?"

"அடப்பாவி!" என்றேன் நான். "முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"வர்றவங்க பேரக் கேக்காதன்னுதான் ஆபீஸ்ல சொல்லிக் குடுத்தாங்க. நாம யாருன்னு சொல்லச் சொல்லலியே" என்றான் பரிதாபமாக.

அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன், மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்தபோது மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. அந்த வேகத்திலேயே போனை எடுத்தேன். ஆறவிட்டால் மறுபடி பயம் வந்துவிடும்.

"இருந்து கேக்கட்டுமா, வெளிய நிக்கட்டுமா?" என்றார் அக்கா.

"இருங்கக்கா."

பகலில் கூப்பிடாத மகள் கூப்பிட்டதும் அப்பா பதறிவிட்டார். பூசி மெழுகாமல் சொன்னேன். பட்டம் இல்லை, தேர்வு எழுதவில்லை, நான்கு மாதமாகச் சொன்னதெல்லாம் பொய். அந்தப் பக்கம் டிப்போவில் ஏதோ இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

"தினமும் பேசினோமேம்மா" என்றார். குரல் ஏறியது. "தினமும்! ஒரு நாளாவது... டிப்போல நான் எப்படி முழிக்கறது?"

"தப்புதாம்பா."

இன்ஜின் சத்தம் தூரமானது. எங்கோ தள்ளிப் போய் நிற்கிறார் போலிருந்தது.

"அப்போ பகலெல்லாம் எங்க இருந்த?"

"காலையில பையத் தூக்கிட்டுக் கிளம்பிடுவேன்பா. விளையாட்டுத் திடலுக்குப் பின்னாடி ஒரு படிக்கட்டு இருக்கு. அங்க உக்காந்திருப்பேன்."

"யாரு கூட?"

"யாரும் இல்லப்பா."

வைத்துவிட்டாரோ என்று போனைப் பார்த்தேன்.

"நாலு மாசமும் தனியாவா?" என்றார். குரல் உடைந்திருந்தது. "அத முதல்ல சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"டிக்கெட் இருக்கு, லீவும் இருக்கு. நாங்க வரோம்" என்றார் அப்பா. "அந்தப் படிக்கட்டக் காட்டு. உன் கூடக் கொஞ்ச நேரம் நானும் உக்காந்திருக்கேன்."