கனம் நடுவர் ராசு

கோர்ட்டில் கிரிமினல் வழக்குகள் கூரையை முட்டியதால், தவறாமல் வருகிற எவரையும் நடுவராக நியமிக்கலாம் என்று உத்தரவு வந்தது. முதலில் வாசலில் நின்று பேர் கூப்பிடும் டவாலி நடுவரானார். அடுத்து டீ கொண்டுவருபவர். பிறகு என் சேவல் ராசு.

ராசுவைச் சண்டைக்கு விட்டேன் என்று என்மேல் வழக்கு. வழக்குச் சொத்தாக அதைக் கோர்ட்டிலேயே வைத்திருந்தார்கள். ஒரு வாய்தாவுக்கும் அது வராமல் இருந்ததில்லை. நியமனத்துக்கு யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை.

எனக்கு ராசு வீட்டுக்கு வர வேண்டும். அது போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் விடியவில்லை. தெருவில் வெயில் அடிக்கும். வாசலைத் தாண்டி உள்ளே வராது. மனைவி மயிலாத்தாள் இன்னும் பாயில்தான் இருக்கிறாள்.

வராந்தாவில் நடந்தேன். ஒவ்வொரு நடுவருக்கும் ஓர் அறை முளைத்து, வராந்தா பக்கத்து ஊர்வரை போயிருந்தது.

"ஏனுங்க, கேஸுங்களா? இங்க வாங்க, உக்காந்ததும் விடுதலை!" என்று டவாலி நடுவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"என் கேஸ் ராசுகிட்டங்க."

"ஓ. அவரு கறாரு."

வக்கீல் அமுதவல்லி அம்மா வாசலிலேயே எச்சரித்தார். "ஐயான்னு சொல்லுங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டுடாதீங்க."

"முட்டையில இருந்து வளத்ததுங்க."

"அதெல்லாம் அப்பீல்ல பாத்துக்கலாம்."

ராசு நாற்காலியின் முதுகில் ஒற்றைக்காலில் நின்றது. கழுத்தில் வெள்ளைப் பட்டை. என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பதவி.

"சண்டைக்கு விட்ட சேவல் எங்கே?" என்றார் குமாஸ்தா.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நடுவரைக் கைகாட்டினால் அவமதிப்பு.

ராசு என்னை வலது கண்ணால் பார்த்தது. பிறகு இடது கண்ணால்.

"ரெண்டு தரப்பையும் பாத்துட்டார்," என்று வக்கீல் கிசுகிசுத்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. தீனிக்குக் கூப்பிடுகிற மாதிரி "பா... பா... பா..." என்றேன்.

போலீஸ்காரர் தலையில் கைவைத்தார்.

நடுவர் பறந்து வந்து என் தோளில் உட்கார்ந்தார். காதில் ஒரு கொத்து கொத்தினார்.

"தண்டனை நிறைவேற்றப்பட்டது. வழக்கு முடிந்தது," என்று குமாஸ்தா எழுதினார். எல்லோரும் எழுந்து கும்பிட்டார்கள்.

தோளில் நடுவரோடு வெளியே வந்தேன். டவாலி நடுவர் வழிமறித்தார்.

"எங்கய்யா கூட்டிட்டுப் போற?"

"ஐயா இடத்தை நேர்ல பாக்கணும்னாருங்க."

"அப்பச் சரி."

வீட்டில் கும்மிருட்டு.

"யாரது?" என்றாள் மயிலாத்தாள்.

"கோர்ட்டு வந்திருக்குது புள்ள. எந்திரி."

நடுவர் கூரைமேல் ஏறினார். கழுத்தைச் சிலிர்த்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். ஒருமுறை கூவினார்.

விடிந்தது. மயிலாத்தாள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

இருட்டு அப்பீலுக்குப் போகவில்லை.