ஓரத்தில் எழுதியது

ரோக்கோ டெலூக்கா கொடுத்த காபியை நான் தொடவில்லை. பதினாறு வருஷமாக வாயைத் திறக்காத மனுஷன், என் வீட்டுக்காரர் நேட் செத்துப் பத்து மாசம் கழித்துத் திடீரென்று போன் பண்ணி, "செல்மா, மணிக்கூண்டான் முதல் இதழோட பக்கமெல்லாம் எங்கிட்டதான் இருக்கு, வந்து பாரு" என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? புரூக்ளினிலிருந்து அஸ்டோரியாவுக்கு ரயில் மாறி வரும் வழியெல்லாம் எனக்கு இதே யோசனைதான். மிட்ச் லோவல் ஏற்பாடு பண்ணின ஆளோ? என் கையில் என்ன ஆதாரம் இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கக் கூப்பிடுகிறானோ?

மிட்ச்சைப் பற்றி நான் நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், யாரும் எதிர்பார்க்கவும் வேண்டாம். மணிக்கூண்டான் என்ற காமிக்ஸ் வீரனைத் தானே படைத்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். ஒருநாள் பல் டாக்டர் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தானாம், அப்படியே உதித்துவிட்டதாம். பொய்யன்! நடந்தது என்னவென்றால், மிட்ச் போனில் மூன்று வரி சொல்வான். "நேட், கடிகாரக் கோபுரத்துல ஒருத்தன் இருக்கான், திருடனைப் பிடிக்கிறான், மீதிய நீ பாத்துக்க." என் வீட்டுக்காரர் அதை வைத்து இருபது பக்கம் வரைவார். எந்தப் படத்தில் என்ன நடக்கிறது, யார் என்ன சொல்கிறார்கள் என்றெல்லாம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கும். அதைப் பார்த்து மிட்ச் வசனத்தை நிரப்புவான். அச்சில் வரும்போது, கதை: மிட்ச் லோவல். படம்: நேட் பாஸ்கின். அந்தக் காமிக்ஸ் கம்பெனியில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம்.

இப்போது மணிக்கூண்டான் சினிமாவாக வரப்போகிறான். திரையில் 'படைத்தவர்' என்று மிட்ச் பெயர் மட்டும்தான். கம்பெனிக்கு நான் எழுதிய ஆறாவது கடிதத்துக்குத்தான் பதில் வந்தது: வியாழக்கிழமை வாருங்கள், மிட்ச்சும் இருப்பார், நேட் கையால் எழுதிய ஆதாரம் ஏதாவது இருந்தால் அவர் பெயரையும் சேர்ப்பதைப் பற்றி யோசிப்போம். யோசிப்பார்களாம். சாகும்போதுகூட ஆஸ்பத்திரியில் அவர் என்னிடம் கேட்டது அதைத்தான். "செல், என் பேரு வருமா?" வரும், வரவைக்கிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

ரோக்கோ பழுப்புக் காகிதக் கட்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தான். நேட்டின் பென்சில் கோட்டின்மேல் மை போடுவதுதான் அவன் வேலை. மை காய்ந்ததும் பென்சிலை அழிப்பதும் அவன்தான்.

"ஓரத்துல இருக்கறதையும் அழிச்சுடுன்னு மிட்ச் சொன்னான். நான் அழிக்கல" என்றான்.

"ஏன் அழிக்கல?"

"சோம்பேறித்தனம்தான். வேற என்ன?"

"ஏன் இத்தன வருஷம் சொல்லல?"

அவன் தலையைச் சொறிந்தான். "போன மாசம் வரைக்கும் அவன் குடுத்த வேலைலதான் எங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சது. இப்ப கை நடுங்குது, வீட்டுக்குப் போன்னு அனுப்பிட்டான். கோழைன்னு திட்டணும்னா திட்டிக்கோ, தாயி. காபி ஆறுது, அதுல ஒண்ணும் விஷம் வைக்கல."

இந்த மாதிரி பேசுகிறவன் வேஷம் போடுகிறவனாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. காபியைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ரோக்கோ கட்டைப் பிரித்து நான்காம் பக்கத்தை என் முன்னால் நகர்த்தினான். கோபுரத்தின் விளிம்பில் மணிக்கூண்டான் நிற்கிறான், எதிர்க்கூரையிலிருந்து புறாக்கள் எழும்புகின்றன. "இதப் படி. இவனுக்குக் காது கேக்காது. மணிச்சத்தத்துலயே காது போயிடுச்சு. புறா பறக்கறதப் பாத்துத்தான் மணி அடிக்குதுன்னு தெரிஞ்சுக்கறான். மணிக்கூண்டானுக்கு உசுரே இதுதானே? மிட்ச் மூணு வரில இது இருந்துதா? எல்லாம் நேட் கைப்பட எழுதினது. வியாழக்கிழமை கொண்டுபோய் அவன் மூஞ்சில வீசு!"

நான் படிக்கவில்லை. படிக்கத் தேவையில்லை. அது என் கையெழுத்து.

நேட் எழுதினால் கோழி கிளறினது போல இருக்கும். ஒரு எழவும் புரியவில்லை என்று மிட்ச் கத்தியதிலிருந்து நான்தான் எழுதிக் கொடுத்தேன். நேட் வரைந்துகொண்டே சொல்வார், நான் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஓரத்தில் எழுதுவேன். அப்படித்தான் ஆரம்பித்தது. போகப்போக அவர் சொல்வது குறைந்தது. பக்கத்தைத் தள்ளிவிட்டு, "இங்க என்ன போடலாம், செல்?" என்பார்.

என் அப்பா கப்பல் பட்டறையில் ஆணி அறைந்து அறைந்து காது போனவர். வாசல் மணி அடித்தால் நாய் எழுந்திருப்பதைப் பார்த்துத்தான் போய்க் கதவைத் திறப்பார். நான் அவரை நினைத்துத்தான் எழுதினேன். நேட் படித்துப் பார்த்து, "பரவால்லயே" என்றார். அவ்வளவுதான். நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, அடுத்த பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

ஆனால் மூன்று வருஷம் முன்னால் ரேடியோவில் அவரைப் பேட்டி எடுத்தார்கள். காது கேட்காத வீரன் எப்படித் தோன்றினான் என்று கேட்டதற்கு, "எங்க சித்தப்பா ஒருத்தர் செவிடு, அவர நெனச்சுதான்" என்றார். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். அவருக்குச் சித்தப்பாவே கிடையாது. வயசாகிவிட்டது, ஏதோ உளறுகிறார் என்று விட்டுவிட்டேன். உளறலா அது? பல் டாக்டர் வீட்டுக் கடிகாரத்துக்கும் இந்தச் சித்தப்பாவுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? அடப்பாவி மனுஷா! என் பக்கத்தில் படுத்துக்கொண்டே இதையும் செய்தாயா? உடனே, செத்தவரைப் போய் இப்படி நினைக்கிறோமே என்று அழுகையும் வந்தது. நான் எழுதியது எது, அவர் சொல்லி எழுதியது எது என்று மற்றப் பக்கங்களைப் புரட்டினேன். பாதி ஞாபகமே இல்லை.

"என்ன செல்மா? நேட் எழுத்துதானே இது?" ரோக்கோவின் குரல் மாறிவிட்டது.

"என் எழுத்து."

"அவன் சொல்லச் சொல்ல எழுதினியா?"

அவன் என்னையும் ஓரத்தையும் மாறி மாறிப் பார்த்தான். படியேறி வந்தபோது நான் அவனைப் பார்த்த பார்வை இப்போது அவன் கண்ணில் இருந்தது.

"இதக் கொண்டுபோனா, மிட்ச் மொதல்ல என்ன கேப்பான் தெரியும்ல?"

"தெரியும்."

"யார் பேர் போடச் சொல்லி நிக்கப்போற?"

நான்காம் பக்கத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் மூடினேன். ஒருவன் உயரத்தில் நின்று புறாக்களைப் பார்க்கிறான், அவ்வளவுதான். புறாக்களை நேட் எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறார், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி.

ரோக்கோ குனிந்து பார்த்தான். "இப்ப ஒண்ணுமே புரியலையே. இவன் எதுக்குப் புறாவப் பாக்கறான்?"

விரலை எடுத்தேன். மறுபடி வைத்தேன்.