எழுபத்தொன்றாவது பெயர்

அந்தப் பல்கலைக்கழகத்தில் பொய்யை யாரும் பொய் என்று சொல்லமாட்டார்கள். 'விவரம்' என்பார்கள். அந்த விவரங்களைத் தட்டச்சு செய்து, கையெழுத்து வாங்கி, இணையத்தில் ஏற்றுகிற வேலை லிஸ்ட் அக்காவுடையது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எழுத்தர். படித்து முடித்தவர்களில் யார் யாருக்கு எங்கே வேலை கிடைத்தது என்று வருஷா வருஷம் பட்டியல் போடுவதால் அப்படி ஒரு பெயர். அப்பா அம்மா வைத்த பெயரும் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே இருந்தது மூன்று தகரக் கொட்டகை. மழை பெய்தால் பாடம் காதில் விழாது, மழை நிற்கும்வரை வாத்தியாரும் பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நடத்தியவர் செங்கல் சூளைக்காரர். விற்காத செங்கல்லை என்ன செய்வது என்று தெரியாமல் கல்லூரி கட்டிவிட்டார் என்று வெளியே கிண்டல் செய்தார்கள். அந்த மனுஷன்தான் இன்றைக்கு வேந்தர். சும்மா சொல்லக் கூடாது, அப்போது நல்ல மனுஷன். முதல் வருஷம் படித்து முடித்தவர்கள் இருபத்து மூன்று பேர், வேலை கிடைத்தது ஆறு பேருக்கு. லிஸ்ட் அக்கா தயங்கித் தயங்கிக் காகிதத்தை நீட்டினாள். "ஆறுதானா? சரி, உள்ளதைப் போடும்மா" என்றார். உள்ளதைப் போடச் சொன்னது அதுதான் முதலும் கடைசியும்.

அடுத்த வருஷம் ஆறு அறுபது விழுக்காடு ஆனது. அப்புறம் எண்பது. அப்புறம் தொண்ணூற்று நான்கு. விழுக்காடு ஏற ஏறப் பிள்ளைகள் வந்தார்கள், பிள்ளைகள் வர வர மாடி ஏறியது. இப்போது பதினொரு மாடி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, இரண்டு லிஃப்ட். இதில் தன் பங்கு என்ன என்று லிஸ்ட் அக்கா யோசித்ததே இல்லை. மகளை அங்கேயே பாதிக் கட்டணத்தில் சேர்த்தார்கள், அந்த நன்றி அவள் கண்ணை மறைத்தது.

இந்த வருஷம் வந்தது வினை. சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கிற இன்னொரு பல்கலைக்கழகம் 'தொண்ணூற்றொன்பது விழுக்காடு' என்று ஆளுயரத்துக்குப் பலகை வைத்தது. வேந்தர் எல்லோரையும் கூப்பிட்டார்.

"எதிர்க்கடைக்காரன் தொண்ணூத்தொன்பது போட்டிருக்கான். நாம என்ன போடறது?"

வேலைவாய்ப்பு அதிகாரிக்கு வாயில் பதில் தயாராக இருந்தது. "நூறு, ஐயா."

கடைசி வருஷத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். எழுபத்தொரு பேருக்கு வேலை இல்லை. அதிகாரி அதற்கும் வழி வைத்திருந்தார். வேந்தரின் மச்சான் பெயரில் ஒரு நிறுவனம் உண்டு. டயர் கடைக்கு மேலே ஒரு அறை, அறைக்குள் ஒரு மேசை, கதவில் ஒரு பூட்டு, அவ்வளவுதான் நிறுவனம். அதன் பெயரில் எழுபத்தொரு வேலைக் கடிதங்களை லிஸ்ட் அக்காவே அடித்து, தன் பக்கத்தில் இருந்த பிரிண்டரிலேயே எடுத்தாள். 'ஒரு பாதுகாப்புக்குத்தான்' என்று சொல்லிப் பிள்ளைகளிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கினார்கள். எழுபது பேர் போட்டுவிட்டார்கள். எழுபத்தொன்றாவது பெயர் லிஸ்ட் அக்காவின் மகள்.

"சார், இவளை விட்டுடுங்களேன். ஒரே ஒரு பேர்."

"ஒரு பேரை விட்டா தொண்ணூத்தொன்பதே முக்கால்தான் வரும், அக்கா. முக்காலைப் பலகையில எழுத முடியுமா? அதோட, மத்த பிள்ளைங்களோட அப்பா அம்மா வந்து என் சட்டையைப் பிடிக்க மாட்டாங்களா?"

மகள் அந்த வாரம் முழுக்க ஒரு மருத்துவமனையில் பயிற்சியில் இருந்தாள். நாலு மணிக்குள் பட்டியல் போயாக வேண்டும். லிஸ்ட் அக்கா பேனாவை எடுத்தாள். மகளின் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? கையைப் பிடித்து எழுதச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தானே. ஒரே இழுப்பில் போட்டாள். வெறும் காகிதம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டில் மூச்சு விடவில்லை. பாவி, அங்கேதான் தப்புப் பண்ணினாள்.

மகள் படித்தது மருத்துவக் கருவிகள் பற்றிய பொறியியல். படிப்பு என்றால் ஒப்புக்குப் படித்த படிப்பு இல்லை. வீட்டில் எந்த இயந்திரம் மக்கர் பண்ணினாலும் கழற்றிப் போட்டுவிட்டுச் சாப்பாட்டையே மறந்துவிடுவாள். ஆனால் இதுவரை வந்த நிறுவனங்கள் எல்லாம் பொருள் விற்கவும் போனில் பேசவும்தான் ஆள் கேட்டன. நமக்கானது வரும் என்று அவள் காத்திருந்தாள். பொறுக்க முடியாமல் போன மாதம் வேறொரு மருத்துவமனைக்குத் தானே விண்ணப்பித்தாள். நேர்முகம் முடிந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, நான் எந்தக் கம்பெனியில வேலை பார்க்கிறேன்?"

லிஸ்ட் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"எனக்கு ஏற்கெனவே வேலை இருக்காம். நம்ம காலேஜ் பட்டியல்லயே பார்த்துட்டாங்க. அங்கிருந்து விடுவிச்ச கடிதம் கொண்டு வந்தா எடுத்துக்கிறாங்களாம். டயர் கடைக்கு மேல போய்ப் பார்த்தேன். பூட்டியிருக்கு. கடைக்காரர், யாரும் வந்தே பார்த்ததில்லைங்கிறார்."

லிஸ்ட் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். மகள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. இணையத்தில் இருந்த அந்தக் கடிதத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "என்னைவிட நல்லா போட்டிருக்கே" என்றாள். அதற்கப்புறம் மூன்று நாள் தாயும் மகளும் பேச்சில்லை.

இந்த நிலையில்தான் அந்தக் கடிதம் வந்தது. மருத்துவமனைகளுக்கு ஸ்கேன் இயந்திரங்கள் செய்கிற பெரிய நிறுவனம். செவ்வாய்க்கிழமை வருகிறோம், மருத்துவக் கருவித் துறையிலிருந்து நாலு பேர் வேண்டும், இன்னும் வேலை கிடைக்காதவர்களாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒரு நிறுவனம் அந்த வாசலை மிதித்ததில்லை. போன வருஷங்களின் விழுக்காட்டைப் பார்த்துத்தான் வருகிறார்களாம். லிஸ்ட் அக்கா கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு அதிகாரி அறைக்கு ஓடினாள்.

அதிகாரி சுவரைக் காட்டினார். 'ஒரு மாணவருக்கு ஒரு வேலை மட்டுமே.' அவளே அடித்து அவளே ஒட்டிய அறிவிப்பு.

"வேலை இல்லாதவங்க நம்மகிட்ட யாருமே இல்லையே, அக்கா."

"சார், எழுபத்தொரு பேர் இருக்காங்கன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் குடும்பம் இருக்கு. நீங்க வேணா மேல போய்க் கேளுங்க."

பதினோராவது மாடியில் வேந்தர் நல்லபடியாகத்தான் பேசினார். தகரக் கொட்டகைக் காலத்து ஆள் என்று நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை. ஒரே ஒரு பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கும்படி கேட்டாள்.

"ஏம்மா, சுவத்துல நடுவில இருந்து ஒரு கல்லை உருவச் சொல்றியே. நான் செங்கல்காரன், எனக்குத் தெரியாதா அது என்ன ஆகும்னு?" அவர் சிரித்தார். "அதுவும் இல்லாம, நீ இதை எப்படிப் பார்க்கணும் தெரியுமா? அவ்வளவு பெரிய கம்பெனி வந்து, எடுக்க ஆள் இல்லாம வெறுங்கையோட திரும்பிப் போச்சுன்னா நமக்கு எவ்வளவு பேரு. அதையே ஒரு பலகையா வைக்கலாம்."

"ஐயா, என் பொண்ணு..."

"உன் பொண்ணை விட்டுடுவேனா? நம்ம ஆபீஸ்லயே இடம் போட்டுத் தரேன். உன் பக்கத்துல உட்கார்ந்து அவளும் லிஸ்ட் அடிக்கட்டும்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அதுதான் கொடுமை. லிஸ்ட் அக்கா லிஃப்டை மறந்து பதினொரு மாடியும் படியில் இறங்கினாள். வீட்டுக்குப் போய் அவர் சொன்னதை மகளிடம் அப்படியே சொன்னாள். மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"செவ்வாக்கிழமை சர்டிபிகேட் எல்லாம் எடுத்துக்கிட்டுக் கார் நிறுத்துற இடத்துல வந்து நில்லு" என்றாள் லிஸ்ட் அக்கா.

"என்ன பண்ணப் போறே?"

"உள்ளதைச் சொல்லப் போறேன்."

"உன் வேலை போயிடும்மா."

"போகட்டும். பத்தொன்பது வருஷம் இருந்தாச்சு."

மகள் அன்றைக்குத்தான் அவள் முகத்தைப் பார்த்தாள். தட்டு வைத்து இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நிறுவனத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். நரைத்த தலை, கையில் ஒரு கறுப்புப் பை, அலட்டல் இல்லாத ஆள். அதிகாரி தேநீர் கொடுத்து, நூறு விழுக்காட்டுப் பட்டியலைக் காட்டி, "ஒருத்தர்கூட மிச்சமில்லை, மன்னிக்கணும்" என்று சிரித்து அனுப்பிவைத்தார். பலகைக்காக ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். லிஸ்ட் அக்கா எழுபத்தொன்றாவது கடிதத்தைக் கோப்பிலிருந்து உருவிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினாள். காரின் கதவு திறக்கும்போது போய்ப் பிடித்துவிட்டாள்.

"மேடம், அந்தப் பட்டியலை அடிச்சது நான். இது என் பொண்ணு. இவளுக்கு வேலை இல்லை. இந்தக் கடிதம் பொய், இந்தக் கையெழுத்து நான் போட்டது."

மூச்சு விடாமல் கொட்டினாள். மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார். மகளின் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் புரட்டினார். ஸ்கேன் படம் கோடு கோடாக வந்தால் முதலில் எதைப் பார்ப்பாய் என்று கேட்டார். மகள் சொல்ல ஆரம்பித்தாள். பேசப் பேசக் கை தானாக எழுந்து காற்றிலேயே மூடியைக் கழற்றியது, கம்பியைத் தொட்டுக் காட்டியது. மேடம் இன்னொரு கேள்வி கேட்டார். அதற்கும் சொன்னாள். மேடத்தின் முகம் மலர்ந்தது. கிடைத்துவிட்டது என்றே லிஸ்ட் அக்கா நினைத்தாள்.

அப்புறம் மேடம் அந்தக் கடிதத்தை மறுபடி பார்த்தார்.

"எழுபத்தொரு கடிதமும் இப்படித்தானா?"

"ஆமா மேடம். நானே அடிச்சேன்."

"மேல இருக்கிறவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"அப்போ இந்த மதிப்பெண் பட்டியல்?"

"ஐயோ, அது சத்தியமா உண்மை. ராப்பகலா படிச்சு வாங்கினது."

"இதையும் இதே கட்டடத்துலதானே அடிக்கிறாங்க?"

லிஸ்ட் அக்காவுக்குத் தெரியும். மூன்றாவது மாடியில் அடிக்கிறார்கள். அதே காகிதம், அதே முத்திரை.

"உங்க பொண்ணு கெட்டிக்காரிதான்" என்றார் மேடம். குரலில் வருத்தம் இருந்தது. "ஆனா நான் ஆஸ்பத்திரி மெஷினுக்கு ஆள் எடுக்கிறேன். தப்பா ரிப்பேர் பண்ணா நோயாளி செத்துப்போவாங்க. காகிதத்தை நம்பித்தான் உள்ளே விடறோம். இதைத் தெரிஞ்சுக்கிட்டு நான் சும்மா இருக்க முடியாது, கம்பெனிக்கு எழுதித்தான் ஆகணும். இங்க படிச்ச நாலு பேர் சொந்தமா தேடி வந்து எங்ககிட்ட வேலை பார்க்கிறாங்க. அவங்க சர்டிபிகேட்டையும் நோண்டுவாங்க. மத்த கம்பெனிக்கும் சொல்லுவாங்க. இனி இந்தப் பேரைப் போட்டு யார் வந்தாலும் கஷ்டம்தான்."

அவர் பையிலிருந்து போனை எடுத்தார்.

லிஸ்ட் அக்கா மகளைப் பார்த்தாள். மகளின் கையில் இருந்த கோப்பைப் பார்த்தாள். நாலு வருஷம். அந்தப் பிள்ளையிடம் இருந்த ஒரே சொத்து அந்தக் காகிதம், அதன் தலையில் இந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர். இப்போது ஒரு வேலைதான் போகிறது. இவர் அந்தப் போனில் பேசிவிட்டால் படிப்பே போய்விடும், இவளுக்கு மட்டுமல்ல, கொட்டகையில் மழைக்கு ஒதுங்கிப் படித்த அந்த இருபத்து மூன்று பேருக்கும்தான்.

"மேடம், நான் சொன்னது பொய்" என்றாள்.

மேடம் நிமிர்ந்தார்.

"பட்டியல் சரிதான். எல்லாருக்கும் வேலை இருக்கு. இவளுக்கு அந்த வேலை சின்னதா தெரிஞ்சுது. உங்க கம்பெனியில சேர்த்துவிடலாம்னு பேராசையில வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். பெத்த மனசு மேடம், மன்னிச்சிடுங்க. அந்தக் கையெழுத்து அவளோடதுதான்."

மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடிதத்தை மகளிடம் நீட்டினார்.

"நீ சொல்லு. இது யார் கையெழுத்து?"

மகள் கடிதத்தை வாங்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். லிஸ்ட் அக்காவின் கண் கெஞ்சியது.

"என்னோடதுதான் மேடம்" என்றாள் மகள்.

மேடம் கடிதத்தை லிஸ்ட் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டார். நம்பினாரோ, நம்பிவிட்டால் நல்லது என்று நினைத்தாரோ, பெருமூச்சு விட்டார். "இப்படியெல்லாம் பண்ணாதீங்கம்மா. எத்தனையோ பேர் வேலை இல்லாம அலையறாங்க. பொண்ணுக்கு ஒரு வேலை இருக்கேன்னு சந்தோஷப்படுங்க." மகளின் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

கார் வாசலைத் தாண்டிச் சாலையில் கலந்தது. வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் ஏணி போட்டுப் புதுப் பலகைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் சர்டிபிகேட் கோப்பை மூடி ரப்பர் பேண்டை மாட்டினாள்.

"அம்மா, உங்க ஆபீஸ்ல காலையில எத்தனை மணிக்கு வரணும்?"

லிஸ்ட் அக்கா கடிதத்தை நாலாக மடித்துக்கொண்டே, "ஒன்பதரைக்கு" என்றாள்.