ஆதாமின் தொப்புள்

சிட்னியின் வில்லாவுட் தடுப்பு முகாமில் விசாரணைக்கென்று ஒதுக்கிய அறைக்கு யன்னல் இல்லை. மேசையில் ஒரு திரை, பக்கத்தில் ஒரு தொலைபேசி. கதிரையை நிலத்தோடு ஆணியடித்து இறுக்கியிருந்தார்கள். கேதீஸ்வரன் அதை மேசைக்குக் கிட்ட இழுக்கப் பார்த்து, அது அசையாததால் தானே முன்னுக்குச் சரிந்து இருந்தார். திரையில் விசாரணை செய்யும் அதிகாரி, நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் முரளிதரன், மதுரைப் பக்கத்துக் குரல். அருகில் சட்டத்தரணி தர்சினி, சிட்னியில் வளர்ந்த பிள்ளை.

கேள்வி ஒன்றுதான். கேதீஸ்வரனின் முதுகில் வரிவரியாகத் தழும்புகள் இருந்தன. வன்னியில் ஒரு இராணுவ முகாமில் வைத்துப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டார்கள் என்று அவர் சொன்னார். முதலில் விண்ணப்பத்தைப் பார்த்த அதிகாரி தழும்பை மறுக்கவில்லை. வரிகள் இவ்வளவு ஒழுங்காக இருப்பதால், புகலிடம் கேட்பதற்காகவே ஆள் வைத்துச் சுடுவித்திருக்கலாம் என்று எழுதிவிட்டார். இன்றைக்கு அதை உடைக்காவிட்டால் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள்.

"அங்கிள், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. ப்ளீஸ், லெக்சர் அடிக்காதேங்கோ," என்று தர்சினி முதல்நாளே வந்து கெஞ்சியிருந்தாள்.

"நான் எப்ப பிள்ளை லெக்சர் அடிச்சனான்?"

"போன முறை அந்த பிஸ்கட் மெஷின் உள்ளுக்கு எப்பிடி வேலை செய்யுதெண்டு சொல்லிக்கொண்டு நிண்டனீங்கள். எனக்குப் பசியில உயிர் போச்சு."

பொய்யில்லை. கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தவர். ஒன்று எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால், அதைப் பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்லாமல் அவரால் தாண்டிப் போக முடியாது.

அதிகாரி கேட்டதை முரளிதரன் தமிழில் சொன்னார். "சார், நீங்க சயின்ஸ் வாத்தியாராமே. ஒருத்தர் வேணும்னே சூடு வெச்சுக்கிட்டாலும் தழும்பு இதே மாதிரிதான் இருக்குமான்னு கேக்குறாங்க."

தோலுக்குச் சுட்டவனின் நோக்கம் தெரியாது. வெப்பம் எவ்வளவு, எவ்வளவு நேரம், அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

"ஓம். இப்பிடித்தான் இருக்கும்."

தர்சினி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆனா மேடம், விக்டோரியா மகாராணி காலத்தில இங்கிலாந்தில கூர்ப்புச் சண்டை பத்தத் தொடங்கின நேரம்..."

"கூர்ப்புன்னா, சார்?"

"பரிணாமம், தம்பி. குரங்கு, மனுசன்."

"ஆங், சரி சரி."

"உலகம் சரியான பழசெண்டு பாறையைப் படிச்சவை சொல்லிச்சினம். ஆறாயிரம் வருசம்தான் எண்டு கன பாதிரிமார் சொல்லிச்சினம். நடுவில ஒரு ஆள். கடல் உயிரினங்களைக் கரைச்சுக் குடிச்ச விஞ்ஞானி. பைபிளையும் ஒரு எழுத்து விடாமல் நம்பினவர். ரெண்டையும் கைவிட மனமில்லாமல் அவர் ஒரு வழி கண்டுபிடிச்சார். ஆதாமுக்குத் தொப்புள் இருந்ததோ?"

திரையில் அதிகாரியின் புருவம் உயர்ந்தது.

"தாய் வயித்தில இருந்து பிறக்காத ஆள். எண்டாலும் முழு மனுசனெண்டால் தொப்புள் இருக்கத்தானே வேணும்? அப்ப, நடக்காத பிறப்பின்ர அடையாளத்தோட கடவுள் அவரைப் படைச்சிருக்கிறார். முதல்நாள் படைச்ச மரத்தை வெட்டினாலும் உள்ளுக்கு வளையம் இருக்கும், மரம் காணாத வருசங்களின்ர வளையம். பாறைக்குள்ள கிடக்கிற எலும்பும் அப்பிடித்தானாம். அந்த விலங்குகள் ஒருநாளும் உயிரோட திரியேல்ல. எலும்பாகவே படைச்சதாம்."

குரல் வகுப்பறைக் குரலாகிவிட்டிருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவருக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது.

"இதைப் பிழையெண்டு ஒருத்தராலும் காட்டேலாது. எந்த எலும்பைத் தோண்டிக் குடுத்தாலும், அதுவும் அப்பிடிப் படைச்சதுதான் எண்டுவார். எல்லாத்துக்கும் சண்டை பிடிச்ச ரெண்டு பகுதியும் இதை மட்டும் சேர்ந்து தூக்கி எறிஞ்சது. அப்ப கடவுள் எங்களை ஏமாத்திறவரோ எண்டு பாதிரிமாருக்குக் கோவம். எதைக் கண்டாலும் மாறாத விளக்கம் ஒண்டையும் விளக்காது எண்டு விஞ்ஞானியள் சிரிச்சினம். என்ர முதுகையும் இப்பிடித்தான் வாசிச்சிருக்கு. கோடு ஒழுங்காயிருந்தால் ஆள் வைச்சுச் சுட்டது. கோணலாயிருந்தால் அடுப்பில விழுந்தது எண்டிருப்பினம்."

அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு கொஞ்ச நேரம் பேசினார்.

"ரொம்ப நல்லா விளக்குனீங்கன்னு சொல்றாங்க, சார். ஆனா எலும்பைப் படைக்க அங்க கடவுள் இருந்தாரு. உங்க முதுகுல செஞ்சிருந்தா யாரோ ஒருத்தர் செஞ்சிருக்கணும். அப்போ வீட்டுல உங்ககூட இருந்தது யாருன்னு கேக்குறாங்க."

 தான் கட்டிய விளக்கம் எந்த வாசலில் கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று கேதீஸ்வரனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"என்ர மனுசி. இராஜேஸ்வரி. கோழி உரிக்கவே பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுறவ, மேடம். காயத்துக்கு மருந்து போட்டவ. அவ்வளவுதான்."

"அப்போ நீங்க காயத்தோட வந்ததைப் பார்த்தவங்க அவங்க. இன்னைக்கே போன்ல கூப்பிட்டு விசாரிக்கலாம்ங்கிறாங்க."

"அங்கிள், இது பெரிய சான்ஸ்," தர்சினி காதுக்குள் சொன்னாள். "ஓமெண்டு சொல்லுங்கோ."

மனைவி இராஜேஸ்வரி வவுனியாவில் தனிய இருந்தாள். அவர் நாட்டைவிட்டு வெளிக்கிட்ட நாளிலிருந்து, சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் வந்து குசினிக் கதவடியில் நின்று அவரைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போவார்கள். ஒருமுறை, அவள் தங்கச்சியோடு போனில் கதைத்ததைச் சொல்லுக்குச் சொல் அவளுக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். ஆர் சுட்டார்கள் என்று அந்தப் போனில் அவள் சொன்னால், இருட்டுவதற்குள் வாசலில் வந்து நிற்பார்கள்.

"வேண்டாம்," என்றார்.

"ஏன்னு கேக்குறாங்க."

"அந்தப் போனை அவங்கள் ஒட்டுக்கேக்கிறாங்கள்."

"அதுக்கு ஆதாரம் இருக்கா, சார்?"

அதற்குச் சாட்சியும் அவள்தான். அவளைக் கேட்பதற்கும் அதே போன்தான். ஒட்டுக்கேட்கிறவன் அடையாளம் விட்டுவிட்டா கேட்பான், தெரியாமல் இருப்பதே வழக்கம் என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்தினார். இது அந்த விஞ்ஞானியின் வாய்ப்பாடு. மாணவன் ஒருவன் இப்படி விடை எழுதியிருந்தால் சிவப்புப் பேனையால் வெட்டியிருப்பார்.

"இல்லை, மேடம்," என்றார் மெதுவாக. "நான் சொல்லுறதையும் ஒருத்தராலும் பிழையெண்டு காட்டேலாது. நானும் இப்ப அந்தாள் மாதிரித்தான் கதைக்கிறன். எனக்கு விளங்குது. எண்டாலும் அவவைக் கூப்பிடாதேங்கோ."

 முரளிதரன் அதைத் தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"கூப்பிடலைன்னா அது உங்களுக்குப் பாதகமா அமையலாம்ங்கிறாங்க, சார். முடிவா வேணாமா?"

தர்சினி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் கையை இழுக்கவில்லை.

"வேண்டாம்."

அதிகாரி தட்டெழுதத் தொடங்கினார். அந்த ஒரு சொல்லுக்கு வேண்டியதைவிட நெடுநேரம் விசைகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.