பால்காம்பராவின் சுவர்

மொஹிதீன் ஹாஜியார் ஒரு சாமானைப் பார்த்து முகம் சுளித்தால் அது அவருக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். பதுளை கடைத்தெருவில் இது தெரியாதவர் இல்லை. இடிக்கிற வீடுகளின் கதவு, ஜன்னல், உத்தரம், ஓடு எல்லாவற்றையும் வாங்கி விற்பது அவர் தொழில். வேண்டியதைத் திட்ட வேண்டும், வேண்டாததைப் புகழ வேண்டும் என்பது வாப்பா காலத்திலிருந்து அந்தக் கடையின் வழக்கம். விற்க வருகிறவனுக்கும் அது தெரியும். திட்டின் அளவைப் பார்த்து அவன் விலையை ஏற்றிக்கொள்வான். பெண் பார்க்கப் போன இடத்திலேயே மாமனார் வீட்டு நிலைக்கதவைத் தட்டி, "கறையான்" என்று உதட்டைப் பிதுக்கினாராம் ஹாஜியார். மனுஷன் பயந்துபோய்ச் சீதனத்தில் ஒரு துண்டுக் காணியைக் கூடுதலாகச் சேர்த்தாராம். மனைவி மர்லியா இன்றுவரை இதை மறுத்ததில்லை.

ஆகவே பட்டிப் பங்களா வாசலில் லொறியை விட்டு இறங்கியதும் அவர் முகம் சுளித்ததில் புதினம் ஒன்றுமில்லை.

வெலிமடை ரோட்டிலிருந்து ஏறுகிற தேயிலைச் சரிவின் உச்சியில், ஒரு பாறைத் திட்டின்மேல், நூற்றிச் சொச்ச வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டியது அது. அந்தத் துரைக்குத் தேயிலையைவிட மாட்டின்மேல்தான் ஆசை. அதனால் மனிதர்களுக்குக் கட்டியது சுமாராகவும், மாடுகளுக்குக் கட்டியது பிரமாதமாகவும் அமைந்துவிட்டது. தகரக் கூரையும் இரண்டு புகைபோக்கியும் மேற்கே வயிறு தள்ளிய ஒரு ஜன்னலுமாகப் பங்களா. அங்கிருந்து மழை படாத நடைவழியில் போனால் சமையல் நடக்கிற குசினி. அதைத் தாண்டிக் கல் பாவிய முற்றம். முற்றத்தைச் சுற்றிக் குதிரை லாயம், மாட்டுப்பட்டி, கன்றுக்கொட்டில். வடக்கு மூலையில், பாதி உடம்பு மண்ணுக்குள் இருக்க, பால்காம்பரா.

கறந்த பால் கெடாமல் வைப்பதற்கான அறை அது. இரண்டடி அகலக் கருங்கல் சுவர். மேலே ஓடும் நீரோடையை ஒரு கல் வாய்க்காலில் திருப்பி உள்ளே விட்டிருந்தார்கள். சுவரோரமாக அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தண்ணீர் மறுபக்கம் வெளியேறும். பால் கேன்களை அந்த வாய்க்காலில்தான் நிறுத்துவார்கள். வெளியே எப்படி வெயில் கொளுத்தினாலும் உள்ளே நுழைந்தால் கழுத்து சிலிர்க்கும்.

ஹாஜியார் தலையை உயர்த்தினார். கூரையைத் தாங்கி ஆறு முதிரை மர உத்தரங்கள். சாவியால் ஒன்றைத் தட்டினார். வெண்கலம் மாதிரிச் சத்தம். எல்ல என்ற ஊரில் ஒரு ஹோட்டல்காரன் இதே நீளத்தில் ஆறு உத்தரம் கேட்டு ஆறு மாதமாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். ஹாஜியாரின் முகம் எலுமிச்சம்பழம் கடித்ததுபோலானது.

பக்கத்தில் ஸரூக் நின்றான். பண்டாரவளையில் போன் கடை வைத்துப் பணம் பார்த்தவன். பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து, ஊர் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் தங்குவதற்கு அறை போடப்போகிறான். வேண்டாத மரத்தை விற்கத்தான் ஹாஜியாரை வரவழைத்திருந்தான்.

அறையின் ஒரு மூலையில் பாய், மடித்த கம்பளி, ஒரு மாதா படம். ஹாஜியார் புருவத்தை உயர்த்தினார்.

"செபஸ்தியம்மா இங்கதான் ஈக்கிறாங்க, நானா" என்றான் ஸரூக். "மீரியபெத்தை ஆக்கள். முந்தின குத்தகைக்காரர் மாடு பாக்க வெச்சது. ரெண்டு மாடு சொந்தமா ஈக்கி. ஈக்கட்டும், பாவம். வாற கெஸ்ட்டுக்குக் கண் முன்னால பால் கறந்து குடுத்தா நமக்கும் நல்லந்தானே."

"ஈக்கட்டும், ஈக்கட்டும்" என்றார் ஹாஜியார். அவர் மனதிலும் கெடுதல் இல்லை. உத்தரங்களை இறக்கிவிட்டு மலிவான டர்பன்டைன் மரம் போட்டுத் தகரம் அடித்துக் கொடுத்தால் போகிறது. சுவர் இருக்கும், அம்மாவும் இருப்பாள்.

செபஸ்தியம்மா பால் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். ஐம்பத்தைந்து இருக்கும். மண் சரிந்து மீரியபெத்தை மலை இறங்கிய அன்று அவள் கொழுந்து பறிக்கிற மலையில் நின்றாள். புருஷன் சிங்கராயர் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்தார். லயமே மண்ணுக்குள் போனது. அரசாங்கம் கொடுத்த வீட்டில் இப்போது மகள் குடும்பம் இருக்கிறது. அங்கே இவளுக்குத் தூக்கம் வராது. ஒற்றைக் கல் சுவர். மழை பெய்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். இந்த இரண்டடிச் சுவருக்குள் வந்து படுத்த முதல் நாள் விடிய விடியத் தூங்கினாள். மாடுகள் கத்தித்தான் எழுப்பின.

இதையெல்லாம் ஹாஜியார் அப்போது அறியமாட்டார். அறிந்திருந்தாலும் வாயைத் திறந்தாயிற்று.

"பங்களா ஜன்னல் மாஷா அல்லாஹ், கண்ணு பட்டுடும். அத வித்துடாத. இது என்னத்தடா ஸரூக்? சுவரப் பாரு, புள்ளத்தாச்சி மாதிரி. அடியில தண்ணி ஓடியோடி மண்ணெல்லாம் கரைஞ்சிட்டு. இந்த ஐப்பசி மழைக்கு நிக்காது. உத்தரமா இது? அடுப்புக்குப் போட்டா அடுப்பே அணைஞ்சிடும்."

ஸரூக் சிரித்தான். "நீங்க இவ்வளவு திட்டினா அது தங்கமாத்தான் ஈக்கும், நானா."

செபஸ்தியம்மா சுவரைப் பார்த்தாள். பிறகு ஹாஜியாரைப் பார்த்தாள்.

"மெய்யாவா மொதலாளி? விழுந்துருமா?"

ஸரூக்கின் கண் ஹாஜியாரின் முகத்தில் இருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் உத்தரம் கைவிட்டுப் போகும். பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம், அரை மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தார்.

"பாத்தா தெரியல்லயாம்மா?" என்றார். "மழைக்கு விழுந்துடும்."

அவள் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

அதன்பிறகு இருவரும் முற்றத்தில் நின்று முறைப்படி பேரம் பேசினார்கள். ஹாஜியார் இரண்டு தடவை கோபித்துக்கொண்டு லொறிவரை போனார். ஸரூக் இரண்டு தடவை கூப்பிட்டான். இரண்டாவது தடவை லொறிக் கதவைத் திறந்து ஒரு காலைக்கூட உள்ளே வைத்தார். அஸர் தொழுகைக்கு நேரமாகும்போது கை குலுக்கினார்கள். ஹாஜியாருக்கு மனம் நிறைந்திருந்தது. அந்த நிறைவோடு பால்காம்பராவுக்கு வந்தார்.

பாய் சுருட்டப்பட்டிருந்தது. மாதா படம் கம்பளிக்குள் போயிருந்தது. முற்றத்தில் வேறொருவன் இரண்டு மாடுகளையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்துத் தோட்டத்துப் பால்காரன். கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டாளாம்.

"என்னம்மா இது? அவுத்துப் போடுங்க" என்றார் ஹாஜியார். "நான் சும்மா செல்லினது. யாவாரத்துக்கு. இந்தச் சுவர் இன்னும் நூறு வருசம் நிக்கும்."

அவள் முடிச்சை இறுக்கினாள்.

"அம்மா, கேளுங்க. விலையக் கொறைக்கச் செல்ற பேச்சு. எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் பேசுவாங்க."

"நீங்க கல்லும் மரமும் பாக்குறவரு மொதலாளி. பாத்தவொடனே கண்ணு சொல்லிருச்சு. இப்ப நான் மூட்டை கட்டுறதப் பாத்துட்டு மனசு வேற சொல்லுது."

"அல்லாஹ் மேல சத்தியமா!"

கடையில் ஆயிரம் பொய் சொன்னவர்தான்; ஒருநாளும் சத்தியம் செய்ததில்லை. அவளுக்கு அது எப்படித் தெரியும்?

"சத்தியமெல்லாம் எதுக்குங்க" என்றாள். "அப்பவும் கவர்மெண்டு ஆளுங்க வந்து சொன்னாங்க, எடம் சரியில்ல, போங்கன்னு. எங்க வீட்டுக்காரரு சிரிச்சாரு. மலை எங்கய்யா நடந்து வரப்போகுதுன்னாரு. நானும்தான் சேந்து சிரிச்சேன். இந்தத் தடவ கேட்டுக்கிறேங்க."

"எங்க போவீங்க?"

"மக வீட்டுக்கு. அங்க மாடு கட்ட எடமில்ல." பால்காரன் மாடுகளை ஓட்டிக்கொண்டு இறங்கினான். சிவலை மாடு ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்தது. அவள் பார்க்கவில்லை. "மழ பேஞ்சா உக்காந்திருக்க வேண்டியதுதான். பழக்கமுண்டு."

ஹாஜியார்தான் மூட்டைகளை லொறியில் ஏற்றினார். அவளை முன்சீட்டில் உட்காரவைத்து மகள் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டார். இறங்கும்போது அவள், "நல்லா இருக்கணும் மொதலாளி. தெரிஞ்சதச் சொன்னீங்களே" என்றாள்.

அவள் போன பிறகு ஸரூக் மனதை மாற்றிக்கொண்டான். "ஆளில்லாத காம்பரா எதுக்கு நானா? முழுசா இடிச்சிடுங்க. வேன் நிப்பாட்ட எடமாகும்."

உத்தரங்களை இறக்க ஒரு நாள் முழுதாகப் போனது. ஆணி ஒவ்வொன்றும் கத்திக்கொண்டே வந்தது. சுவருக்குக் கொத்து வேலை ஜெசிந்தன் பாஸ் நான்கு ஆட்களோடு வந்தான். கடப்பாரை விழுந்த இடத்தில் பொறி பறந்தது, கல் அசையவில்லை. முதல் நாள் முடிவில் ஒரு வரிக் கல்கூடப் பெயரவில்லை. இரண்டாம் நாள் ஐப்பசி மழை பிடித்தது. மலையே இறங்கிவிடும்போல் பெய்தது. கூரை இல்லாமல், தாங்க ஒரு மரம் இல்லாமல், அத்தனை மழையையும் தலையில் வாங்கிக்கொண்டு சுவர் நின்றது. விடிந்ததும் ஹாஜியார் நான்கு பக்கமும் சுற்றி வந்தார். மயிரிழை வெடிப்புக்கூட இல்லை.

"யாரு ஹாஜியார் இது விழுந்துரும்னது?" என்று ஜெசிந்தன் நெற்றியைத் துடைத்தான். "அவனக் கூட்டியாங்க, கடப்பாரையக் குடுப்போம்."

ஆட்கள் சிரித்தார்கள். ஹாஜியார் மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி வரப் போனார்.

ஐந்தாம் நாள் பகலில் செபஸ்தியம்மா வந்தாள். பால் கேனை மறந்துவிட்டுப் போயிருந்தாளாம். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. மழை நாட்களில் எப்படி இருந்திருப்பாள் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. சுவரில் பாதி இன்னும் நின்றது. நான்கு ஆட்கள் ஒரே கல்லில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் ஹாஜியாரிடம் திரும்பினாள்.

"விழுந்துரும்னு சொன்னீங்களே, மொதலாளி."

குத்திப் பேசவில்லை. சந்தேகம் கேட்கிற குரல்தான்.

விலை கேட்டால், வசை விழுந்தால், எதற்கும் பதில் வைத்திருப்பவர் ஹாஜியார். கேன் கிடந்த இடத்தைக் கையால் காட்டினார்.

அவள் குனிந்து கற்களுக்கிடையில் கிடந்த கேனை எடுத்தாள். வாய்க்காலில் முக்கி, உள்ளே கையை விட்டு வழக்கம்போல் மூன்று தடவை அலசிக் கவிழ்த்தாள். பிறகு அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சரிவில் இறங்கிப் போனாள். வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் மட்டும் பழைய வழியிலேயே உள்ளே வந்து, பாய் கிடந்த மூலையைச் சுற்றிக்கொண்டு, வெளியே போய்க்கொண்டிருந்தது.