தர்மராஜ் வாங்கிய முதல் நூல்

லோகேஸ்வரி தரவேண்டிய கடன் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது மலேசிய வெள்ளி. பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்க அவளுக்கு இடம் கிடைத்தபோது, சுவா ஊர்ப்பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்த அவள் அம்மா மயிலம்மாள், லோரி முதலாளி தர்மராஜிடம் கைநீட்டி வாங்கிய பணம் அது.

வேலை கிடைத்த முதல் மாதமே திருப்பித்தரப் போனாள். அவர் தொடவில்லை. "வச்சிக்கோ லா. நம்ம பிள்ளதானே நீ."

பெருந்தன்மை என்று நம்பியது அவள் மடத்தனம். கோயில் திருவிழாவோ கல்யாணமோ, மைக் கிடைத்த இடமெல்லாம் "என் காசுல படிச்ச கெமிஸ்ட்டு" என்றார். தீபாவளிக்குத் தீபாவளி பணத்தோடு போனாள். சிரித்தே திருப்பி அனுப்பினார். கடன் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்துவிடுமே!

அவளை வேதியியலுக்கு இழுத்தது அவர் காசா? சிறுவயதில், தோட்டத்துப் பால் ஸ்டோரில் அம்மா ஆசிட் ஊற்ற, தண்ணீராய் இருந்த ரப்பர் பால் கட்டியானதைப் பார்த்து, "ஏம்மா?" என்று கேட்டாள். "ஊத்துனா உறையும், அவ்வளவுதான்." அந்த 'அவ்வளவுதான்' அவளுக்குப் போதவில்லை. பசாரில் வாங்கிய சாமான் சுற்றிய பத்திரிகைத்தாளில் கதை பாதியில் கிழிந்திருந்தால் மீதியைத் தானே எழுதுவாள். இப்போது செனாவாங் கையுறைத் தொழிற்சாலையில் கெமிஸ்ட். ஷிப்ட் முடிந்தால் எழுத்து.

அவளுடைய சிறுகதை நூல் தோட்டத்து மண்டபத்தில் வெளியீடு கண்டது. முதல் நூலை வாங்குபவர் மேடையில் எழுத்தாளருக்குப் பண உறை கொடுப்பது வழக்கம். ஏற்பாட்டாளர்கள் அவளைக் கேட்காமல் தர்மராஜை அழைத்திருந்தார்கள்; அழைப்பிதழைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"கெமிஸ்ட்ரிக்குக் காசு குடுத்தேன், கத எழுதிட்டா! பரவால்ல, அதுவும் நம்ம காசுதான்!" என்றார் அவர் மேடை மைக்கில்.

கூட்டம் சிரித்தது. கடைசி வரிசையில் மயிலம்மாள் தலைகுனிந்தாள். லோகேஸ்வரி அதைப் பார்த்தாள். இருட்டோடு எழுந்து அம்மா வெட்டிய மரங்களெல்லாம் யார் கணக்கு?

அவர் நீட்டிய உறையை அவள் வாங்கவில்லை. கைப்பையிலிருந்து தன் உறையை எடுத்து, நூலின்மேல் வைத்து நீட்டினாள்.

"நூல சும்மாவே வச்சிக்குங்க, அங்கிள். உறையில ஆயிரத்து எண்ணூத்தம்பது இருக்கு. எண்ணுங்க."

"என்னா பிள்ள இது, சபையில..."

"குடுத்தத சபையிலதானே சொன்னீங்க? வாங்குனதயும் சபையிலயே சொல்லுங்க."

சிரிப்பு அடங்கியது. முன்வரிசையிலிருந்து அவர் மனைவி புஷ்பவள்ளி கத்தினாள்: "எண்ணுங்க லா! இல்ல நான் வந்து எண்ணவா? இந்தக் கதயக் கேட்டுக் கேட்டு எனக்கே காது புளிச்சிருச்சு!"

விரலை எச்சில்படுத்தி எண்ணினார். "சரியா இருக்கு. கடன்... தீந்துருச்சு."

"கேக்கல," என்றாள் மயிலம்மாள், கடைசி வரிசையில் எழுந்து நின்று. "சத்தமா சொல்லுங்க."

தர்மராஜ் மைக்கை வாயருகே கொண்டுபோனார். "கடன் தீந்துருச்சு."