முத்திரை சரியாக விழாத கடிதம்

ஊர் அந்நியப் பட்டாளத்தின் கைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. தபால் ஆபீசில் கடிதங்களைப் பிரித்துக் கட்டுவது அவள் வேலை. அவற்றைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் புருஷன் வேலை. யார் வீட்டில் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று பட்டாள ஆபீசுக்கு மொட்டைக் கடிதம் போடும் புண்ணியவான்களுக்கு ஊரில் பஞ்சமில்லை. அந்தக் கடிதங்களெல்லாம் அவளுடைய சாப்பாட்டு டப்பாவில் ஏறி வீட்டு அடுப்பில் இறங்கிவிடும். சம்பந்தப்பட்ட வீட்டுக்குத் தபால்காரர் வாய்மொழியாகச் சேதி சொல்லிவிடுவார்.

அன்று காலை ஒரு சிப்பாய் அவள் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து அப்படியொரு கடிதம் கைக்கு வந்தது. யுத்தகாலத்துக் காகிதம், வெங்காயச் சருகு மாதிரி. ‘ரொட்டிக்கடை மாடியில் மூன்று பேர்’ என்பது உறைக்கு வெளியிலேயே தெரிந்தது. டப்பாவைத் தொட வழியில்லை. சிப்பாய்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே குத்தியதில் முத்திரைகூட அரைகுறையாகத்தான் விழுந்தது. பட்டாள ஆபீசுக்குப் போகும் கட்டுக்குள் அதை மட்டும் தலைகீழாகச் செருகி, புருஷனிடம் நீட்டும்போது கண்ணாலும் ஜாடை காட்டினாள்.

மத்தியானம் ஆபீசின் பின்பக்கப் படியில் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

“அந்தக் கடிதாசி எங்க?”

“எது?”

“தலைகீழா வச்சேனே, பாக்கலையா நீங்க?”

“பாத்தேன். நேரா வச்சேன்.”

“கண்ணைக் காட்டினேனே.”

“தூசி விழுந்துடுச்சுன்னு நெனச்சேன்.”

இருபது வருடமாக ஒரு கட்டைக்கூடக் கோணலாகக் கொடுத்தறியாத மனுஷர். கடிதத்தில் இருந்ததை அவள் சொன்னதும் கையிலிருந்த கவளம் டப்பாவுக்கே திரும்பிவிட்டது. பட்டாள அதிகாரி ஓய்வு முடிந்து வருவது மூன்று மணிக்கு. அதுவரை கடிதங்கள் வாசல் காவலாளியின் மேஜையில்தான் கிடக்கும். அதிகாரி வந்து பிரித்துப் படித்தால், ரொட்டிக்கடைக்காரர் குடும்பத்தோடு சேர்த்து மாடியிலிருக்கும் மூவரும் தொலைந்தார்கள்.

“முத்திரையும் சரியா விழல,” என்றார் தபால்காரர், தன் பங்குக்குக் குறை சொல்கிறவர்போல. “அதை உங்கிட்ட சொல்லணும்னே இருந்தேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எங்கிட்ட எதுக்கு? அங்க போய்ச் சொல்லுங்க.”

போனார். கிழிந்த உறை ஒன்றுக்குக் கையெழுத்து வாங்கப் போன மாதம் மூன்று தடவை நடந்தவர் என்பதால் காவலாளிக்கு ஆச்சரியமே இல்லை. தேதி தெரியாத முத்திரையோடு கடிதம் கொடுத்தால் சோதனையில் தன் வேலை போய்விடும், மறுபடி குத்திக் கொண்டுவந்து தருகிறேன் என்றார். உன் பெண்டாட்டி உன்னோடு எப்படித்தான் குடித்தனம் பண்ணுகிறாளோ என்று சொல்லிக் காவலாளி கடிதத்தை எடுத்து நீட்டினான்.

சிப்பாய் சாப்பிடப் போயிருந்தான். டீக் கெட்டிலின் ஆவியில் உறையின் வாய் திறந்தது. உள்ளே இருந்த தாள் சாப்பாட்டு டப்பாவுக்குப் போனது. ஒன்றரை வருடமாக இப்படிப்பட்ட கடிதங்களையே படித்துப் படித்து அவற்றின் பாஷை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வடக்கே பாழடைந்து கிடக்கும் செங்கல் சூளையில் இரவில் விளக்கு அசைகிறது, ஆள் நடமாட்டம் தெரிகிறது, இப்படிக்குத் தங்கள் நலம் நாடும் குடிமகன் என்று வேறொரு தாளில் அதே சாய்ந்த கையெழுத்தில் எழுதி முடித்தாள்.

“தேதி போடலையே.”

“மொட்டைக் கடிதாசிக்கு யாருங்க தேதி போடுவா?”

ஒட்டி, முத்திரையைப் பளிச்சென்று குத்தினார். மூன்று மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கடிதம் காவலாளியின் மேஜைக்குத் திரும்பிவிட்டது. வரும் வழியில் ரொட்டிக்கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தார்.

சாயங்காலம் இரண்டு லாரிகள் வடக்கே போயின. மாவு மூட்டைகளுக்கு நடுவே மூன்று பேரை உட்காரவைத்த வண்டி தெற்கே போனது.

பட்டாளம் மூன்று நாள் அந்தச் சூளையைச் சுற்றிக் காவல் கிடந்தது. இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. வீட்டு ஜன்னலைச் சாத்த எழுந்தவள், “பாவம், நனையறாங்க,” என்றாள்.

தபால்காரர் தட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்: “குடை எடுத்துட்டுப் போகச் சொல்லி ஒரு கடிதாசி போடேன்.”

அவர் தமாஷ் பண்ணுவது அபூர்வம். ஜன்னலைச் சாத்த மறந்து அவள் சிரித்துக்கொண்டே நின்றதில் தரையெல்லாம் சாரல்.